பொக்லைனுக்குப் பின்னால் நடக்கும் கொக்கு

கொக்கும் மாடும் மனுஷனும் ஒரே பேச்சு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நொச்சிப்பாக்கத்தில் வேதகிரி என்று ஒருவன் ஏர் உழுதுகொண்டிருந்தான். அந்தக் காலம் என்றதும் ராஜாக்கள் காலத்துக்குப் போய்விடாதீர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பட்டணத்துக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது, ஊரில் இரண்டு வீட்டில் ரேடியோகூட இருந்தது. ஆனால் ஊர் அமைதியாக இருந்தது. ஒரு கொக்கு வாய் திறந்து எதையாவது சொன்னால் காதில் விழும். பிராணிகள் பேசுவதற்கு அது போதும், மந்திரம் மாயம் ஒன்றும் தேவையில்லை.

வேதகிரிக்கு ஏரிக்குக் கீழே ஒன்றரைக் காணி நிலம். ஒரு செவலை மாடு, ஒரு மயிலை மாடு, ஏருக்குப் பின்னால் ஒரு கொக்கு. மற்றவர்களின் ஏருக்குப் பின்னாலும் கொக்குகள் நடந்தன. கலப்பை புரட்டிப் போட்ட மண்ணில் புழு பூச்சி பொறுக்கித் தின்றுவிட்டு, வயிறு நிறைந்ததும் பறந்துவிடும். வேதகிரியின் கொக்கு அந்த ரகம் இல்லை. அதற்கு ஒரு வேலை இருந்தது.

ஏர் பிடிக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் கையும் திரும்பும், மாடு விலகும், உழுகிற கோடு, அதாவது சால், கோணிப்போகும். அதனால், தான் உழுத மண்ணை உழும்போது அவன் பார்ப்பதே இல்லை. கொக்கோ முன்னால் பார்க்காது. புரண்ட மண்ணைவிட்டு அதன் கண் நகராது. ஆகவே இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். நாலு சால் ஓட்டியதும் வேதகிரி முன்னால் பார்த்தபடியே கேட்பான்: "ஈரம் எப்பிடிகீது?" கொக்கு மண்ணை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துச் சொல்லும். மேலே காய்ந்திருக்கிறது, இன்னும் அழுத்திப் பிடி என்று சில நாள் சொல்லும். விதைக்கலாம் என்று ஒருநாள் சொல்லும். அதைச் சொன்ன பிறகுதான் அவன் மனைவி அம்சா விதைநெல்லைக் கையில் எடுப்பாள். கொக்கு சொல்லி ஒருமுறையும் தப்பியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷம் சேர்ந்து வேலை செய்தும் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்ததில்லை. வேதகிரிக்குக் கொக்கு என்றால் முதுகுக்குப் பின்னால் கேட்கிற ஒரு குரல். கொக்குக்கு வேதகிரி என்றால் சேறு அப்பிய இரண்டு குதிகால்கள், ஒரு கேள்வி. அதற்குமேல் இருவருக்கும் தேவைப்படவும் இல்லை.

சித்திரையில் கொக்கின் தலையிலும் மார்பிலும் மஞ்சள் ஏறுகிறதே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்தின் முதல் ஏராக நல்லேர் பூட்டுகிற நாளில் அம்சா கலப்பைக்கும் மாட்டுக் கொம்புக்கும் மஞ்சள் பூசுவாள். பூசி முடித்ததும் கையில் ஒட்டியிருப்பதைக் கழுவச் சோம்பல்பட்டுக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற கொக்கின் மேல் துடைப்பாள். கொக்குக்கு அதில் பெருமை. அவளுக்கு அது கைத்துணி.

பிறகு ஏரி இரண்டு வருஷம் நிரம்பவில்லை. மூன்றாம் வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவர்கள் வந்தார்கள். நாலு ஊர் நிலத்தைச் சேர்த்துத் தொழிற்பேட்டை வரப்போகிறது என்றார்கள். நிலம் கொடுக்கிற வீட்டில் ஒருவருக்குக் கம்பெனியில் வேலை. ஊரில் சிலர் அழுதார்கள், சிலர் மனு எழுதினார்கள். வேதகிரி இரண்டும் செய்யவில்லை. காய்ந்த ஏரியைப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சலித்துப்போயிருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் என்பது அம்சாவுக்கும் பிடித்திருந்தது. அவன் ஆசையோடுதான் கையெழுத்துப் போட்டான் என்பதை மறைத்துவிட்டுக் கதை சொல்ல எனக்கு மனசில்லை.

ஒரே ஒரு சங்கடம்தான் பாக்கி. கொக்கிடம் யார் சொல்வது?

"நீதான் சொல்லணும்," என்றாள் அம்சா. மற்ற ஏர்களின் கொக்குகள் விஷயம் தெரிந்து பாலாற்றுப் பக்கம் போய்விட்டன, அங்கே இன்னும் நஞ்சை இருக்கிறது, இதுவும் அவற்றோடு போய்ச் சேரட்டும் என்றாள். நியாயமான பேச்சு. வேதகிரியும் சரி என்றான். சரி என்றவன் மாசி முழுக்கச் சொல்லவில்லை. பங்குனி பிறந்தது. விளைந்த கொஞ்சத்தையும் அறுத்து முடித்த நிலத்தில் உழ ஒரு காரணமும் இல்லாமல் ஏரைப் பூட்டினான், சொல்வதற்காக. முழு நிலத்தையும் உழுதான். ஈரம் கேட்டான், கொக்கு பதில் சொன்னது. கடைசிச் சாலின் முடிவில் மாட்டை நிறுத்தி, வழக்கம்போல முன்னால் பார்த்துக்கொண்டே நின்றான். ஆனால் சொன்னது வேறு.

"கொக்கு, மண்ணு எங்க பொரளுதோ அங்க வா. முன்னால நான் இருப்பேன்."

"எப்பவும் அப்பிடித்தானே," என்றது கொக்கு, ஒரு புழுவை இழுத்துக்கொண்டே.

வேதகிரி மாட்டை அவிழ்த்துக்கொண்டு நேராக நடந்தான். திரும்பவில்லை. ஏர் பிடித்தவனின் பழக்கம் என்று அன்றைக்கு அதற்கு ஒரு சாக்கு இருந்தது.

வைகாசியில் மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று வந்து வரப்பையெல்லாம் ஒன்றாக்கியது. ஏரிக்கரையில் காத்திருந்த கொக்கு, மண் புரளும் வாசனை வந்ததும் ஓடி வந்து பின்னால் சேர்ந்துகொண்டது. ஒரு வாய்க்கு நாலு சால் மண்ணை அள்ளுகிறதே, புது மாடு வாங்கிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தது. பாவம், அது எங்கே தலையைத் தூக்கியது? கொத்திப் பார்த்து, ஈரம் இருக்கிறது என்று தானாகவே இரண்டு முறை சொல்லியும் பார்த்தது. இயந்திரத்தின் இரைச்சலில் அதன் குரல் அதற்கே கேட்கவில்லை. சரி, கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டது.

முதலில் எழும்பியது காருக்குக் கதவுக் கீல் செய்கிற கம்பெனி. அதன் அடித்தளத்துக்குத் தோண்டியபோது கொக்கு பின்னால் நடந்தது. சுற்றுச்சுவருக்குத் தோண்டியபோதும் நடந்தது. கீலுக்கு ஆணி செய்ய ஒரு கம்பெனி, பெயின்ட் அடிக்க ஒன்று, எல்லாவற்றையும் கட்டி அனுப்ப மரப்பெட்டி செய்கிற பட்டறை என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தன. லாரி வர ரோடு வேண்டும், தோண்டினார்கள். வெளி ஜில்லாக்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் தங்க வரிசை வீடுகள் வேண்டும், தோண்டினார்கள். வீடுகளுக்குச் சாக்கடை, சாக்கடைக்கு மேலே மறுபடியும் ரோடு. ஏரிக்கரையில் பாதி பஸ் ஸ்டாண்டு ஆயிற்று. கண்டக்டர்கள் நொச்சிப்பாக்கம் என்று சொல்வதை விட்டுவிட்டு, "கீல் கம்பெனியெல்லாம் எறங்கு" என்றார்கள். ஊர் வளர்ந்த வரலாறு யாரிடமும் எழுத்தில் இல்லை. கேட்டிருந்தால் கொக்கு வரிசையாகச் சொல்லியிருக்கும், ஒவ்வொரு குழியிலும் அது இருந்தது.

வேதகிரி அந்தக் கீல் கம்பெனியில்தான் தகடு அழுத்துகிற பிரஸ் ஓட்டினான். நன்றாகவே ஓட்டினான். கூரை வீடு மாடி வீடு ஆயிற்று. ஆனால் இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். சூப்பர்வைசர் கத்திப் பார்த்துவிட்டு முன்னால் வந்து நிற்பார். "வேதகிரியக் கூப்பிடணும்னா சுத்திக்கினுதான் வரணும்" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். எந்தத் தெருவில் தோண்டுகிறார்கள் என்று காலையிலேயே விசாரித்து, வேறு தெரு வழியாக வேலைக்குப் போவான். எதற்காக என்று அம்சாவுக்குத் தெரியும், அவள் கேட்டதில்லை.

இப்படிப் பதினாலு வருஷம் போயிற்று.

ஓர் ஐப்பசியில் கம்பெனி இரண்டாவது ஷெட் கட்டத் தீர்மானித்தது. சுற்றுச்சுவருக்குள் ஜல்லி கொட்டிச் சும்மா கிடந்த பின்பக்கத்தைத் தோண்ட, பொக்லைன் வந்தது. வேதகிரியின் ஒன்றரைக் காணி இருந்த இடம் அதுதான். பிரஸ் ஷாப்பில் யாரோ, "பொக்லைன் பின்னாடி ஒரு கொக்கு நடக்குது பாருங்கடா" என்றார்கள். யார் கூப்பிட்டும் திரும்பாதவன் அன்றைக்குத் திரும்பிவிட்டான்.

ஜன்னல் வழியே தெரிந்தது. இத்தனைதானா இது என்று இருந்தது அவனுக்கு. கோழியைவிடச் சிறியது, இளைத்துப்போயிருந்தது, இறகில் கிரீஸ் அப்பியிருந்தது. இயந்திரம் நிற்கும்போதெல்லாம், கேள்வி வருமா என்று தலையைத் தூக்கி டிரைவர் உட்காரும் இடத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

வீட்டுக்குப் போய் அம்சாவிடம் சொன்னான். டீக்கடை எச்சிலில் அது பொறுக்கித் தின்பதைத் தான் பல நாள் பார்த்திருப்பதாக அவள் சொன்னாள். சொன்னால் அவன் சாப்பிட மாட்டான் என்று சொல்லாமல் இருந்தாளாம்.

"நாளைக்குப் போயி உண்மையச் சொல்லிடு. ஏரு இல்ல, நெலம் இல்ல, நீ பாலாத்துக்குப் போயிடுன்னு சொல்லு. இந்தப் பொகையில இன்னொரு வெயில் காலம் அது தாங்காது."

"சொல்லிடறேன்," என்றான். இரவெல்லாம் படுத்தபடியே அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஏரு இல்ல. நீ போயிடு. நாலே வார்த்தை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் இவ்வளவு கனத்திருக்காது.

மறுநாள் வியாழக்கிழமை. சாப்பாட்டு மணி அடித்ததும் வேதகிரி பின்பக்கம் போனான். கம்பெனி கொடுத்த பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான். கொக்குக்குத் தன் குதிகாலைத்தானே தெரியும் என்று நினைத்துக் கழற்றினான். கழற்றிய பிறகுதான் பார்த்தான், பூட்ஸுக்குள்ளேயே இருந்து இருந்து வெடிப்பெல்லாம் மூடி, யாரோ ஒருவருடைய கால் போல வெளுத்துக் கிடந்தது. அதோடுதான் போய்ப் பொக்லைனுக்கு முன்னால் நின்றான்.

டிரைவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், நல்ல மனுஷன். "ஏனுங்கய்யா, குறுக்க வர்றீங்க?" என்று கேட்டான். ரெண்டு நிமிஷம் நிறுத்துப்பா என்று வேதகிரி கைகாட்டினான். இன்ஜின் நின்றது. சாப்பாட்டு நேரம் என்பதால் ஷெட்டிலும் பிரஸ்கள் ஓடவில்லை. அந்த இடத்தில் பழைய அமைதி வந்து உட்கார்ந்தது.

வேதகிரி கொக்குக்கு முதுகைக் காட்டி நின்றான். அதோடு பேச அவனுக்கு வேறு விதம் தெரியாது. கொக்கு இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து இரண்டு குதிகால்களையும் பார்த்தது. அடையாளம் தெரியவில்லை. குனிந்துகொண்டது.

இப்போது சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தான். ஜல்லிக்கு அடியிலிருந்து அவனுடைய மண் புரண்டு கிடந்தது. பதினாலு வருஷம் வெளிச்சம் படாமல் கிடந்தும் கறுப்பு மாறவில்லை. அதன் வாசனை நேராக அவன் நெஞ்சுக்குள் போயிற்று. அதன் பிறகு அவன் பேச்சு அவன் கையில் இல்லை.

"ஈரம் எப்பிடிகீது?"

கொக்கு நிமிர்ந்தது. நிமிர்ந்து, அவசரப்படாமல், மண்ணை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது.

"நல்லாகீது. வெதைக்கலாம்," என்றது. கொஞ்சம் பொறுத்து, "இவ்ளோ நாளா நீ கேக்கவேயில்லியே," என்றது.

வேதகிரி அழுதான். டிரைவர் பார்க்கிறானே என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. விதைக்கலாம் என்று நிலமும் கொக்கும் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவன் உடம்புக்குத் தெரியும், ஆனால் கையில் ஒன்றும் இல்லை. கலப்பையின் மேழியைப் பிடிப்பதுபோல வெறும் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். கொக்கு பின்னால் நடந்தது. தோண்டிய இடம் முடிகிறவரை, சரியாக ஒரு சால் தூரம், இருவரும் போனார்கள். அவ்வளவு நேராக அவன் ஏர் பிடித்த நாளில்கூட உழுததில்லை.

அப்போது சாப்பாட்டு நேரம் முடிந்ததென்று கம்பெனிச் சங்கு ஊதியது.

ஒரு தடவை திரும்பியிருந்தால் அவன் உண்மையைச் சொல்லியிருப்பான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. திரும்பவில்லை. நேராக நடந்து, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, ஷெட்டுக்குள் போய்விட்டான். அம்சா சாயங்காலம் திட்டித் தீர்த்தாள். கதையைச் சொல்லும்போதெல்லாம் நானும் அவனைத் திட்டப் பார்க்கிறேன், ஆனால் அந்த வாசனை வந்த இடத்தில் எனக்கும் வாய் அடைத்துப்போகிறது.

கொக்கு எதையும் பார்க்கவில்லை. குனிந்தபடி ஒரு புழுவைத் தின்றுகொண்டிருந்தது. பின்னால் இன்ஜின் உறுமியது, மண் புரண்டது, அது சந்தோஷமாக மறுபடி நடக்க ஆரம்பித்தது. பொழுது சாய்ந்ததும் பாலாற்றுக்குப் பறந்து போனது, இருக்க அல்ல. அங்கே தன் கூட்டத்தைத் தேடிப் பிடித்துச் சேதி சொல்லத்தான் போனது. இயந்திரத்துக்கு முன்னால் அவன்தான் இருக்கிறான், இன்றைக்கு ஈரம் கேட்டான் என்றது. எந்தக் கொக்கும் முதலில் நம்பவில்லை. பிறகு, அதன் முகத்தைப் பார்த்து, அங்கிருந்த முப்பது கொக்குகளும் கிளம்பி வந்தன.

மனுஷர்களோடு கொக்கு பேசியது அதுதான் கடைசி. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, விதை வந்த பிறகு மற்றதைப் பேசலாம் என்று இருக்கிறது. அந்த வியாழக்கிழமையிலிருந்துதான், ஷெட்டுக்கோ சாக்கடைக்கோ ரயில் பாதைக்கோ எதற்கு மண்ணைத் தோண்டினாலும் மஞ்சள் இயந்திரத்தின் பின்னால் வெள்ளைக் கொக்குகள் நடக்கின்றன, ஒருமுறை வந்து கேட்டவன் இன்னொரு முறையும் வருவான் என்று.