குளத்தில் இறங்கிய பாட்டில் யானை

சுற்றுலா வருகிறவர்கள் வீசிவிட்டுப் போகும் குப்பையெல்லாம் காட்டுக் குளத்தில்தான் வந்து சேரும். பெருச்சாளி பேச்சியும் அவள் கூட்டமும் அதைப் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். பாட்டில் ஒரு மூட்டை, மூடி ஒரு மூட்டை, பால் கவர் ஒரு மூட்டை. பேச்சியின் பல் பட்டால் எந்த மூடியும் ஒரே திருகில் கழன்றுவிடும்!

அந்தக் குளத்து மயில் ஒயிலனுக்குத் திடீரென்று கலைப்பித்துத் தலைக்கேறியது. "இருநூறு பாட்டில் கொண்டா! திருவிழாவுக்கு ஒரு யானை செய்யப்போறேன்!" என்று பேச்சியிடம் சொன்னான்.

பேச்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தான் பொறுக்கிய பொருளில் யானையா! "மயிலண்ணே, கண்ணு மட்டும் நான் வைக்கட்டுமா? யானையை எங்கே நிறுத்தப் போறீங்க?"

"குப்பை பொறுக்குற உனக்குக் கலையைப் பத்தி என்ன தெரியும்? கொட்டிட்டு ஓரமா நில்லு!"

பேச்சிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வழக்கம்போல மூடிகளைக் கழற்றிவிட்டு, இருநூறு பாட்டில்களையும் கொண்டுவந்து கொட்டினாள். ஒயிலன் கொடியால் கட்டினான். வயிறு, கால், தும்பிக்கை... அடேயப்பா, நிஜ யானையே தோற்றுவிடும்!

திருவிழா அன்று காலையில் எல்லா விலங்குகளும் கரையில் கூடின. ஒயிலன் யானை முதுகில் ஏறித் தோகையை விரித்தான். "தள்ளுங்க குளத்துல!"

"தண்ணியிலயா?" பேச்சி அலறினாள். "ஐயோ, மூடி போடலையே!"

"சும்மா இரு!"

குளுக், குளுக், குளுக்! இருநூறு பாட்டிலும் தண்ணீர் குடித்தன. யானை முழுகியது. தோகை கனத்து ஒயிலனும் முழுகினான். "காப்பாத்துங்க! எனக்கு நீச்சல் தெரியாது!"

பேச்சி கூட்டத்தோடு குதித்து அவனைக் கரையில் இழுத்துப் போட்டாள். நனைந்த கோழியாய் நடுங்கியவன், "மூடியை ஏன் கழட்டினே?" என்று இருமலுக்கு நடுவே கத்தினான்.

"நாங்க எப்பவும் கழட்டித்தான் பிரிப்போம்! மிதக்கணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

ஒயிலனின் முகம் தொங்கிப்போயிற்று. "தப்புதான் பேச்சி. இப்ப என்ன பண்ணலாம், நீயே சொல்லு."

அவ்வளவுதான்! எல்லோரும் சேர்ந்து யானையைக் கரைக்கு இழுத்தார்கள். மூடி மூட்டை அவிழ்ந்தது. பேச்சி ஒவ்வொரு பாட்டிலின் வாயையும் பொத்தி, காற்று கசிகிறதா என்று காதருகே வைத்து அமுக்கினாள். "இது ஓட்டை, தள்ளு! இது தேறும், மூடு!" ஆமை தண்ணீரைக் கவிழ்த்தது, முயல் மூடியைத் திருகியது, ஒயிலன் கட்டினான். சாயங்காலம் யானை ஜம்மென்று மிதந்தது! பேச்சி ஒரு கண்ணுக்குச் சிவப்பு மூடியும் மறு கண்ணுக்குப் பச்சை மூடியும் வைத்தாள். கரையே விழுந்து விழுந்து சிரித்தது.

"நான் எங்கே உட்காரட்டும்?" என்று ஒயிலன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வால் இன்னும் வைக்கல, மயிலண்ணே. பின்னால ஏறித் தோகையைத் தொங்கவிடுங்க!"

கூட இருப்பவர்களின் உழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு அவர்களுடைய அறிவைக் கேட்காதவன், தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்வான்.