குயில் இரண்டாம் அடியை மறந்த கதை

அந்தக் காலத்தில் பறவைகளும் விலங்குகளும் பூச்சிகளும் பேசிக்கொண்டிருந்தன. பேச்சோடு நிற்கவில்லை, கணினியும் வைத்திருந்தன. முதல் வாக்கியத்தை நம்பியவர்கள் இரண்டாவதை மறுப்பதில் நியாயமில்லை.

அத்தனை கணினிகளுக்கும் உயிர் ஒன்றுதான். தென்கோடிப் பனிக்கடலில் பென்குவின்கள் உருவாக்கி, ‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று அலையில் மிதக்கவிட்ட லினக்ஸ் என்ற இயங்குதளம். அது முட்டையின் மஞ்சள் கரு மாதிரி. வெறும் மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியாது. சுற்றிலும் வெள்ளைக் கரு வேண்டும், ஓடு வேண்டும், ஓட்டுக்கு ஒரு நிறமும் வேண்டும். அதனால் ஒவ்வோர் இனமும் தன் சுபாவத்துக்கு ஏற்ப அந்தக் கருவுக்கு ஓடு கட்டி, ‘இதுதான் உசத்தி’ என்று மற்றவர்களுக்கும் வழங்கியது. வழங்கியதால் அதற்கு வழங்கல் என்று பெயர். எருமை வழங்கல், பாம்பு வழங்கல் என்று காட்டில் நூற்றுக்கும் மேலே இருந்தன. உள்ளே இருந்தது ஒரே கரு. அதை யாராவது சபையில் சொன்னால் கைகலப்பு ஆகும்.

அந்தக் காட்டில் செங்கண்ணன் என்றொரு குயில் இருந்தான். ஆண் குயில். பாடுவது பெண் என்று நினைப்பவர்கள் இன்றும் ஏராளம். பாட்டெழுதுபவர்களில் அது இன்னும் அதிகம். பாடுவது ஆண்தான். பெண்ணுக்கு வேறு வேலை இருந்தது, அது பின்னால் வருகிறது. செங்கண்ணனுக்கு அப்போது கண் சிவப்பும் இல்லை, நல்ல கறுப்பு. பெயர் வைத்தவர்களுக்கு முன்யோசனை இருந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் வசந்தப் பாட்டு பாடும் பொறுப்பைக் காட்டுச் சபை அவனிடம் கொடுத்தது. பங்குனி முதல் நாள் காலையில், காட்டின் நடுவில் நின்ற மாமரத்தின் உச்சியில் அமர்ந்து, நூற்றெட்டு அடிப் பாட்டு ஒன்றை முழுதாகப் பாட வேண்டும். நூற்றெட்டும் கேட்டால்தான் மாமரம் பூக்கும் என்பது காட்டின் நம்பிக்கை. பூக்காவிட்டால் அணிலுக்கும் வௌவாலுக்கும் குரங்குக்கும் அந்தக் கோடையில் பட்டினி. பாடகனின் பதவியும் செம்போத்துப் பறவைக்குப் போய்விடும். செம்போத்து பாடினால் காலிப் பானைக்குள் யாரோ இருமுவது போலிருக்கும். அது இப்போதே தொண்டையைச் செருமிக்கொண்டு திரிந்தது.

செங்கண்ணன் சோம்பேறி இல்லை. மார்கழிக்குள் நூற்றெட்டு அடியையும் எழுதி முடித்துவிட்டான். பக்கத்து மரத்துக் காக்கை கரிச்சாமி நிறுவிக் கொடுத்த எருமை வழங்கலில்தான் எழுதினான். இனி மனப்பாடம் செய்வது ஒன்றுதான் பாக்கி. அதற்கு முழுதாக இரண்டு மாதம் இருந்தது.

தை முதல் நாள் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தான். பாட்டுக் கோப்பைத் திறந்தான். அது திறப்பதற்குள் மூன்று முறை கண் சிமிட்டிவிட்டான். அதற்கு முன்பும் மூன்று சிமிட்டல்தான் ஆகியிருக்கும். ஆனால் அன்றுதான் எண்ணினான். எண்ணியதுதான் வினை.

“அண்ணே, இந்த எருமையில ஒரு கோப்பு திறக்க மூணு சிமிட்டல் ஆகுது.”

கரிச்சாமி தன் கூட்டில் ஒரு கம்பித் துண்டைச் செருகிக்கொண்டிருந்தது. “ஆகட்டுமே. அந்த மூணு சிமிட்டல்ல நீ எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போறே?”

“புதுப் பதிப்பு எப்ப வரும்?”

“எருமை அசை போட்டு முடிச்சதும்.”

“எப்ப முடிக்கும்?”

“அதைப் போய்க் கேட்டா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். பேசாம பாட்டைப் படி தம்பி.”

செங்கண்ணன் நேரே பாம்பிடம் போனான். பாம்பு வழங்கல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். உரித்த அன்று பார்த்தால் பளபளவென்று கண் கூசும். மாறிய அன்றே பாட்டைத் திறந்து பார்த்தான். இரண்டரைச் சிமிட்டல். எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று முதல் அடியை மட்டும் பாடிச் சோதித்தான்.

“குக்கூ.”

சரியாக இருந்தது. மூடிவிட்டான். அடுத்த வாரமே பாம்பு சட்டை உரித்தது. அவன் பார்த்துப் பார்த்துச் செய்திருந்த ஏற்பாடுகள் எல்லாம் பழைய சட்டையோடு வேலியில் தொங்கின. அவற்றை மறுபடி செய்வதற்குள் தை முடிந்தது.

மாசி பிறந்தபோது சிலந்தி வழங்கலுக்கு மாறினான். சிலந்திக்குப் பதிப்பு என்ற பேச்சே கிடையாது. தினமும் விடியும்போது பழைய வலையைத் தின்றுவிட்டுப் புது வலை பின்னும். அதனால் உலகத்தில் எது புதிதோ அது அன்று காலை உங்கள் கணினியில் இருக்கும். சில நாள் ஒரு இழை விட்டுப்போகும். ஒருநாள் ஒலி வராது. ஒருநாள் திரை வராது. இரண்டும் வந்த நாளில் கடிகாரம் பின்னோக்கி ஓடும். செங்கண்ணன் மதியம்வரை உட்கார்ந்து அதைச் சரிசெய்வான். சரிசெய்ததும் பாட்டைத் திறந்து, “குக்கூ” என்று முதல் அடியைப் பாடிப் பார்த்து, நெஞ்சு நிமிர்ந்து மூடுவான்.

சிலந்திக்கு மாறியவர்களுக்கு ஒரு வியாதி வரும். கேட்காமலே சொல்வது.

“சாப்பிட்டியா தம்பி?” என்று கேட்டது கரிச்சாமி.

“நான் இப்ப சிலந்திண்ணே.”

“அதுக்குத்தான் கேட்டேன். சாப்பிட்ட மூஞ்சியாத் தெரியலையே.”

அவன் மனைவி பொட்டழகிக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. வயிற்றில் முட்டை கனத்துக்கொண்டு வந்தது. குயில்கள் அந்தக் காலத்தில் கூடு கட்டும். கட்டுவது ஆணின் வேலை. “ஏங்க, கூடு?” என்று அவள் தினமும் கேட்டாள்.

“இன்னிக்குப் புதுப்பிப்புல எழுத்துரு எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுதுடி. அதை மட்டும் பாத்துட்டு வந்துடறேன்.”

“நேத்து ஒலி. முந்தாநாள் திரை. உங்க சிலந்திக்கு ஒரு வலை இருக்கு, பாம்புக்கு ஒரு பொந்து இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் காணோம்.”

“பொறு. சிலந்தியையும் நான் விடப்போறேன். இதுல இன்னும் ரெண்டு சிமிட்டல் ஆகுது. கறையான்ல ஒண்ணுதானாம்.”

கறையான் வழங்கல் என்பது வழங்கலே இல்லை. கறையான்கள் யாருக்கும் எதையும் கட்டித் தராது. மண்ணைக் காட்டும். ஒவ்வொரு துகளாக எடுத்து, உங்கள் எச்சிலால் நீங்களே குழைத்து, உங்கள் புற்றை நீங்களே எழுப்பிக்கொள்ள வேண்டும். சந்தேகம் கேட்டால் பதில் ஒன்றுதான்: “புற்றுச் சுவத்துல எழுதியிருக்கு, படி.” சுவரோ நாலு ஆள் உயரம். எழுத்தோ கறையான் அளவு.

கரிச்சாமிக்குக் கவலையாகிவிட்டது. பங்குனிக்குப் பத்தே நாள்தான் இருந்தது.

“தம்பி, நீ எந்தப் புத்துக்குள்ள வேணும்னாலும் போ. போறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டுல ஒரு பிரதி எடுத்து என் கூட்டுல வை. முக்கியமானது எதுவோ அது இன்னொரு இடத்துல இருக்கணும்.”

“உங்க எருமையிலயா?” செங்கண்ணன் சிரித்த சிரிப்பில் இரண்டு இலை உதிர்ந்தது. “நூத்தெட்டு அடியையும் அது அசை போட்டுச் சாணியாக்கிடும்ணே.”

மேல்கிளையில் இருந்த பொட்டழகியின் காதில் கரிச்சாமி சொன்னது விழுந்தது. அவள் கரிச்சாமியின் கூட்டைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கோணல்மாணலான கூடு. குச்சி, கம்பி, எங்கிருந்தோ தூக்கி வந்த ஒரு குடைக்கம்பி. பார்க்கச் சகிக்காது. போன ஆடிக் காற்றில் காட்டில் எத்தனையோ கூடு பறந்தது, அது பறக்கவில்லை.

செங்கண்ணன் ஒன்பது நாள் புற்று எழுப்பினான். திரையையே பார்த்து அவன் கண் முதலில் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகி, கடைசியில் குன்றிமணி போல் ஆனது. அவனிடம் இரண்டு வட்டுகள் இருந்தன. முதல் வட்டில் இருந்த பாட்டை இரண்டாவது வட்டுக்கு மாற்றினான். பிரதி எடுக்கவில்லை, நகர்த்தினான். ஒரே பாட்டு இரண்டு இடத்தில் கிடப்பது அழகில்லை என்பது அவன் கொள்கை. இரண்டாவது வட்டில் பாட்டு பத்திரம். முதல் வட்டைத் துடைத்து அதில் கறையானை ஏற்றினால் வேலை முடிந்தது.

கறையான் கேட்டது: “எந்த வட்டைத் துடைக்க?”

“ஒண்ணு” என்றான் செங்கண்ணன்.

“ஒண்ணு. நிச்சயமா?”

“நிச்சயமா.”

இங்கே ஒரு சிறு விளக்கம் அவசியம். நாம் எல்லாரும் ஒன்றிலிருந்து எண்ணுகிறோம். கறையான்கள் சுழியத்திலிருந்து எண்ணும். அவற்றின் கணக்கில் முதல் வட்டுக்குப் பெயர் சுழியம், இரண்டாவதற்குப் பெயர் ஒன்று. இது ரகசியமும் இல்லை. புற்றுச் சுவரில் மூன்றாம் ஆள் உயரத்தில் எழுதியிருந்தது. செங்கண்ணன் இரண்டாம் ஆள் உயரம்வரைதான் படித்திருந்தான்.

கறையான்கள் ஒன்றைத் துடைத்தன. கறையான் துடைத்த இடத்தில் என்ன மிஞ்சும் என்று புத்தக அலமாரி வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

பங்குனிக்கு முந்தின நாள் மாலை புற்று எழுந்து நின்றது. செங்கண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, “பாட்டைத் திற” என்றான்.

அரைச் சிமிட்டல். இமை பாதி இறங்குவதற்குள் திறந்துவிட்டது! “பொட்டழகி! ஓடி வா! அரைச் சிமிட்டல்!” என்று கத்தினான்.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். “வேகமாத்தான் இருக்கு. பாட்டு எங்கே?”

திரை வெள்ளையாக இருந்தது. இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால் இல்லை என்று சொல்லி மனதைப் புண்படுத்தாமல், அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து வைப்பது கறையானின் மரியாதை. மேல்மூலையில் எழுத்துச் சுட்டி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. செங்கண்ணன் கீழே போய்ப் பார்த்தான், மேலே போய்ப் பார்த்தான். வெள்ளைக்கு ஏது கீழும் மேலும்?

“மனசுல இருக்குமில்ல?” என்றாள் பொட்டழகி மெதுவாக. “ரெண்டு மாசமா தினமும் பாடினீங்களே. என் காதாலயே கேட்டேனே.”

அப்போதுதான் செங்கண்ணனுக்கு உறைத்தது. ரெண்டு மாசமாகத் தினமும் பாடினான்தான். முதல் அடியை.

மறுநாள் காலை காடே மாமரத்தடியில் கூடியிருந்தது. அணில்கள் குடும்பத்தோடு வந்திருந்தன. வௌவால்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. செம்போத்து முன் வரிசையில் உட்கார்ந்து அடக்கமாகச் செருமியது. செங்கண்ணன் உச்சிக் கிளையில் அமர்ந்து சிவந்த கண்ணை மூடிக்கொண்டான்.

“குக்கூ.”

அப்படி ஒரு முதல் அடியை அந்தக் காடு கேட்டதில்லை. எத்தனை வழங்கலில் சோதித்துத் தேய்ந்த அடி! கூட்டம் சொக்கிப்போய் அடுத்த அடிக்குக் காத்திருந்தது. செங்கண்ணனும் காத்திருந்தான். வரவில்லை.

கொஞ்சம் பின்வாங்கி ஓடிவந்து வாய்க்காலைத் தாண்டுவது போல, முதல் அடியையே இன்னும் உரக்கப் பாடினால் அந்த வேகத்தில் இரண்டாவது வந்துவிடாதா? “குக்கூ” என்றான், ஒரு படி மேலே. “குக்கூ!” இன்னொரு படி மேலே. ஏழாவது முறை குரல் உச்சத்துக்குப் போய் உடைந்தது. சட்டென்று நிறுத்திவிட்டான்.

“அவ்வளவுதானா?” என்றது ஒரு குட்டிக் குரங்கு. அதன் தாய் அதன் தலையில் குட்டியது.

கொக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது. எல்லாவற்றிலும் உட்பொருள் காண்பது அதன் வழக்கம். “நூத்தெட்டு அடிக்கான சோகத்தையும் ஒரே அடியில அடக்கிட்டானே! இனிமே யாராவது ரெண்டாவது அடின்னு வாயைத் திறந்தா அது அபசாரம்!”

செம்போத்து வாயைத் திறக்க எழுந்தது. கூட்டம் அதை இழுத்து உட்காரவைத்தது. மாமரம் மேலே பார்த்தது, கீழே பார்த்தது. இதற்கு மேல் காத்திருந்தால் செம்போத்தைக் கேட்க நேரும் என்று தோன்றியதோ என்னவோ, கிளைக்குக் கிளை குப்பென்று பூத்துவிட்டது. நூற்றெட்டு அடி அதற்கு என்றுமே தேவைப்பட்டதில்லை. அதனிடம் கேட்டவர் யாருமில்லை, அவ்வளவுதான்.

பதவி தப்பியது. மாம்பழமும் தப்பியது. பாட்டு போனது போனதுதான். செங்கண்ணன் யாரும் பார்க்காத பக்கமாகச் சுற்றிக்கொண்டு கரிச்சாமியிடம் போனான்.

“அண்ணே, அந்த எருமையை மறுபடி போட்டுக் கொடுங்க.”

“எந்தப் பதிப்பு வேணும்?”

“எது நிக்குதோ அது.”

கரிச்சாமி அவனுடைய கண்ணைப் பார்த்தது. எருமையை நிறுவத் தொடங்கியது. பிறகு, ஏதோ நினைவு வந்து தலையைச் சாய்த்தது. “ஆமா தம்பி, என் கூட்டுல நேத்து மூணு முட்டை இருந்துச்சு. இன்னிக்கு அஞ்சு இருக்கு. ரெண்டுல புள்ளி வேற மாதிரி இருக்கு.”

மேல்கிளையிலிருந்து பொட்டழகி பதில் சொன்னாள். “நீங்கதானே அண்ணே சொன்னீங்க? முக்கியமானது இன்னொரு இடத்துல இருக்கணும்னு. இவருக்குத்தான் காது கேக்கல. எனக்குக் கேட்டுச்சு.”

கரிச்சாமி அலகைத் திறந்தது. தான் சொன்ன அறிவுரையைத் தானே மறுப்பது எப்படி என்று தெரியாமல் மூடிக்கொண்டது.

எருமை மெல்ல எழுந்து வந்தது. செங்கண்ணன் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, முதல் அடியை எழுதிச் சேமித்தான். மறுநாள் திறந்தான். மூன்று சிமிட்டல் ஆனது. அந்த மூன்று சிமிட்டலிலும் இரண்டாம் அடியை நினைத்துப் பார்க்கலாம் என்பதை அவன் அப்போதுதான் கண்டுகொண்டான். பிறகொரு நாள் வழியில் பாம்பு நிறுத்தி, “இப்ப எதுலப்பா இருக்கே?” என்று கேட்டபோது, “மரத்துல” என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

அன்று முதல்தான் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் நாலு வழங்கல் சுற்றி, கண் சிவந்து, ஏதாவது ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு, முதலில் கேலி செய்த வழங்கலுக்கே பேசாமல் திரும்பி வருகிறார்கள். அன்று முதல்தான் பெண் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிறது, காக்கையும் ஒன்றும் சொல்ல முடியாமல் அடைகாக்கிறது. ஆண் குயில் பங்குனி பிறந்ததும் மாமரத்தில் ஏறி, ஒரே அடியை மேலே மேலே கொண்டுபோய், உச்சத்தில் சட்டென்று நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருப்பதும் அன்று முதல்தான். அந்தக் கொஞ்சநேரத்தை எண்ணிப் பார்த்தவர்கள் சரியாக மூன்று சிமிட்டல் என்கிறார்கள்.