மருத்துவச்சி கேட்ட முன்பணம்

ராஜாவாக இருப்பதில் எத்தனையோ சௌகரியங்கள் உண்டு. ஆனால் மனைவியின் தம்பி மேல் வழக்கு வருகிற நாளில் அவற்றில் ஒன்றுகூட உதவாது. நல்லமங்கலத்து அரசர் வீரகண்டராயருக்கு அப்படி ஒரு நாள் வந்தது. போதாக்குறைக்கு மகாராணி வேறு, என்றைக்கும் இல்லாத அக்கறையோடு திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

வழக்குக் கொண்டுவந்தவள் மருத்துவச்சி சொர்ணத்தாய். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அரசரின் மைத்துனர் ரங்கபூபதிக்குச் சொந்தமான வீட்டில் ஏழு வருஷம் வாடகைக்கு இருந்தாள். குடிவரும்போது ஐம்பது பொன் முன்பணம் கொடுத்திருந்தாள். இப்போது நாம் அட்வான்ஸ் என்கிறோமே, அதுதான். தன் புது மாப்பிள்ளையை அங்கே குடிவைக்க வேண்டும் என்று பூபதி காலி செய்யச் சொன்னார். மறுபேச்சு இல்லாமல் காலி செய்தாள். முன்பணத்தைக் கேட்டபோதுதான் பூபதிக்கு வீட்டின் மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. கதவில் மெருகு போய்விட்டதாம். தரை தேய்ந்துவிட்டதாம். அடுக்களைச் சுவரில் கரி படிந்துவிட்டதாம். மூன்றுக்கும் கழித்தால் ஐம்பது பொன்னும் சரியாய்ப் போயிற்றாம்.

சொர்ணத்தாயின் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் அரண்மனை வாசலில் வண்டியில் ஏறி நின்றன. கோயில் தெருவில் வேறு வீடு பேசியிருந்தாள். பொழுது சாய்வதற்குள் அங்கே முன்பணம் கட்டாவிட்டால் அந்த வீடு இன்னொருவருக்குப் போய்விடும். அப்புறம் அவளுக்கு வண்டிதான் வீடு.

"ராத்திரி பகல்னு பார்க்காம வந்து தட்டுறாங்க மகாராசா. தட்டுற கதவு தேயாம என்ன செய்யும்?" என்றாள் அவள். "குடியிருக்கத்தானே மாசாமாசம் வாடகை கொடுத்தேன்? நான் எதையும் உடைக்கலை."

அந்தத் தட்டல்களில் பாதி பூபதி வீட்டிலிருந்து வந்தவை என்பது சபைக்கே தெரியும். அவர் வீட்டுத் தொட்டில் காலியாக இருந்ததே இல்லை.

அவள் சொல்வதுதான் நியாயம் என்று அரசருக்குப் பட்டது. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. வாயை மூடிக்கொண்டார். தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. இந்த மாதிரி நேரங்களில் செய்வதுபோலவே, அவைப்புலவர் மாசிலாமணியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மாசிலாமணி எழுந்தார். எழுந்தவர் நேரே பூபதியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அரசருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பூபதி ஐயாவின் தாராள மனசுதான் இந்தக் கணக்கில் உள்ள ஒரே குறை என்றார் மாசிலாமணி. கதவுக்குப் பழைய கதவின் விலையைத்தான் பிடித்திருப்பார், பாவம், நஷ்டம் அவருக்கு.

பூபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பழைய விலையா? புதுத் தேக்குக் கதவு என்ன விலையோ அந்த விலை பிடித்திருக்கிறேன். தரைக்கும் சுவருக்கும் அப்படித்தான். ஒரு காசு விடவில்லை."

"அப்படியானால் மூன்றுக்கும் முழு விலை வந்துவிட்டது. சபையறியச் சொல்கிறீர்கள்?"

"சபையறியச் சொல்கிறேன்."

மாசிலாமணி அதை அப்படியே பதிவு செய்யும்படி அரசரைக் கேட்டுக்கொண்டார். அரசர் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினார். சொர்ணத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க அரசருக்குத் தைரியம் இல்லை.

"அம்மா, வண்டியில் இன்னும் இடம் இருக்கிறதா?" என்று அவளைக் கேட்டார் மாசிலாமணி.

"எதுக்கு சாமி?"

"கதவை ஏற்றத்தான். முழு விலையும் கொடுத்துவிட்டீர்களே, அது உங்கள் கதவு. தரையைப் பெயர்க்கக் கடப்பாரையோடு நாலு பேரை அழைத்துப் போங்கள். சுவரை மட்டும் பார்த்து இடிக்கச் சொல்லுங்கள். மேலே இருக்கிற கூரை பூபதி ஐயாவுடையது."

பூபதிக்கு முகம் வெளுத்துவிட்டது. சபை மரியாதையும் மறந்துபோயிற்று. "அத்தான், சாயங்காலம் மாப்பிள்ளை குடிவருகிறார். கதவும் இல்லாமல், சுவரும் இல்லாமல் பெண்ணை எங்கே வைப்பேன்? நான் எதையும் இவளுக்கு விற்கவில்லையே."

"விற்காத பொருளுக்கு முழு விலையை எதற்காக எடுத்துக்கொண்டீர்கள்?" என்றார் மாசிலாமணி.

காலையிலிருந்து முதல் தடவையாக அரசருக்கு மூச்சு சீராக வந்தது. விலை வாங்கினால் பொருளைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று, யாரையும் பார்க்காமல், மெல்லச் சொல்லி வைத்தார்.

பூபதி கெஞ்ச ஆரம்பித்தார். மாசிலாமணிக்கும் மனம் இளகியதுபோலத்தான் இருந்தது. "சொர்ணத்தாய் இரக்கமுள்ளவள், ஐயா. கதவையும் தரையையும் சுவரையும் இருந்த இடத்திலேயே விட்டு உங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கச் சொல்கிறேன். வாடகைகூட அதிகம் கேட்கமாட்டாள். ஊர் வழக்கப்படி ஐம்பது பொன் முன்பணம் மட்டும் அவள் கையில் கொடுத்து வையுங்கள். என்றைக்கு வேண்டாம் என்கிறீர்களோ, அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்."

பூபதிக்குக் கோபம் தலைக்கேறியது. யோசிக்காமல் வாயை விட்டார்.

"முன்பணமா? நல்லா இருக்கிறதே கதை. கொடுத்த முன்பணம் என்றைக்கு அத்தான் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது?"

அடுத்த கணம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தது மகாராணி. திரை ஆடும் அளவுக்குச் சிரித்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அரசர், இனிப் பயமில்லை என்று தெரிந்ததும், கிரீடம் சரியும்படிச் சிரித்தார்.

குடியிருந்து தேய்ந்ததற்கு வாடகை வாங்கியாயிற்று, உடைத்திருந்தால் மட்டும் கேள் என்று தீர்ப்பாயிற்று. பூபதி ஐம்பது பொன்னையும் அங்கேயே எண்ணி வைத்தார். வெயில் இருக்கும்போதே சொர்ணத்தாயின் வண்டி கோயில் தெருவுக்குத் திரும்பியது. மாசிலாமணிக்கு அரசர் தம் கழுத்து முத்துமாலையைப் போட்டார். அன்று ராத்திரி அந்தப்புரத்தில் அரசருக்குப் பால் பாயசம் கிடைத்தது. மாசிலாமணியின் வீட்டுக்கும் ஒரு பெரிய செம்பு நிறையப் போயிற்று.