போணி வராகன்

அந்தக் காலத்திலே சிங்காரபுரியை உக்கிரசேனர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலில் சக்கரம். சிம்மாசனத்தில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டார். நடந்துகொண்டே வழக்குக் கேட்பார், வாயில் போட்ட வெற்றிலை தீர்வதற்குள் தீர்ப்பும் சொல்லிவிடுவார். அந்த அவசரத்தில் எத்தனை குடி கெட்டதோ, கடவுளுக்கே வெளிச்சம்!

ஒரு நாள் ஆடு மேய்க்கிற ஒச்சாயி சபைக்கு ஓடிவந்தாள்.

“மகாராஜா! என் புருஷன் பேச்சுமூச்சில்லாமக் கிடக்கார். மருந்துக்காக ஆட்டை வித்து ஒரு தங்க வராகன் கொண்டுவந்தேன். வைத்தியர் நெய்யும் கேட்டாரேன்னு இந்த மாசிலாமணி கடையில கொஞ்சம் வாங்கினேன். வராகனை வாங்கிப் போட்டுக்கிட்டு, வெள்ளிக்காசுதான் கொடுத்தேன்னு சாதிக்கிறாரே! மீதி வரலேன்னா மருந்துக்கு நான் எங்கே போவேன்?”

“அபாண்டம் பிரபு!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான், அவள் பின்னாலேயே வந்து நின்ற நெய்க்கடை மாசிலாமணி. “விடிஞ்சதும் இவள்தான் போணி. போணி பண்ணினவளே வம்பு இழுத்தா என் வியாபாரம் விளங்குமா?”

அவன் மச்சான்தான் அரண்மனைப் பொக்கிஷக்காரர் திருவேங்கடம். மந்திரி சொக்கேசனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். “பொய்ப் புகார் சொன்னவளை ஊரைவிட்டே துரத்துங்கள் பிரபு. மந்திரியார் எப்போதும்போல இழுத்தடிப்பார், கேட்காதீர்கள்” என்றார்.

ராஜா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். “சீக்கிரம், மந்திரி! வெற்றிலை தீரப்போகிறது!”

ஒச்சாயி மந்திரியைப் பார்த்துக் கும்பிட்டாள். மந்திரியோ அவள் பக்கமே திரும்பவில்லை.

“பாவம் மாசிலாமணி, போணியே கெட்டுப்போச்சு” என்று உச்சுக்கொட்டினார். “நம் ராஜ்யத்தில் ஒரு வியாபாரி நொந்துபோகலாமா? இன்றைய போணிக் காசுக்குப் பத்து மடங்கு அரண்மனை தரட்டும், பிரபு. ஆனால் அதே காசு இருக்க வேண்டும். கல்லாவில் கலந்துபோயிருக்குமே!”

“எப்படிக் கலக்கும்?” திருவேங்கடம் துள்ளி எழுந்தார். “போணிக் காசைக் கண்ணில் ஒற்றி, மஞ்சள் தடவி, சாமி மாடத்தில் வைத்தால் பொழுது சாயும்வரை யாரும் தொடமாட்டோம். எங்கள் வீட்டு வழக்கம், நானே சாட்சி! மச்சான், ஓடு!”

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறந்தான். போன வேகத்தில் திரும்பி வந்து, மூச்சிரைக்க உள்ளங்கையை நீட்டினான்.

மஞ்சள் பூசின தங்க வராகன்!

ராஜா நடையை நிறுத்தினார். “வெள்ளிக்காசு என்றாயே?” என்றார். மாசிலாமணிக்கு அப்புறம்தான் உறைத்தது.

“இது... இது போணிக் காசு இல்லை பிரபு! பத்து மடங்கு என்றதும் ஆசையில் வேறே காசுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வந்துட்டேன்!”

“அப்படியா?” என்றார் மந்திரி. “அப்போ நீ ஏமாற்ற வந்தது ராஜாவை. அதற்குத் தண்டனை சிரச்சேதம். ஒச்சாயியை ஏமாற்றினதற்கென்றால் அபராதத்தோடு போகும். நிதானமாக யோசித்துச் சொல்லப்பா, யாரை ஏமாற்றினாய்?”

“ஒச்சாயியை! ஒச்சாயியைத்தான்!” என்று அலறி விழுந்தான் மாசிலாமணி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பத்து மடங்கு என்று சொன்னால் சொன்னதுதான். இவன் கல்லாவிலிருந்து எடுத்து அவளுக்குக் கொடுங்கள். திருவேங்கடம், பொக்கிஷச் சாவியைக் கீழே வையும். மந்திரி, இந்த முத்துமாலை உமக்கு!”

காவலர்கள் மாசிலாமணியின் கல்லாப் பெட்டியைத் தூக்கிவந்து எண்ணத் தொடங்கினார்கள். ஒச்சாயிக்கு நிலைகொள்ளவில்லை. மாசிலாமணி கையிலிருந்த வராகனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“அதையெல்லாம் நிதானமா எண்ணி வையுங்க சாமி, அப்புறம் வாறேன். இப்போ எனக்கு என் காசு போதும், அங்கே அவருக்கு மூச்சு இழுத்துக்கிட்டிருக்கு!” என்றவள், ராஜாவுக்கு ஒரு கும்பிடுகூடப் போடாமல் வைத்தியர் வீட்டைப் பார்த்து ஓடினாள்.