கல்லுக்கு மூன்று பொன்

ஆற்றின் குறுக்கே அரசன் அணை கட்டினான். மலைக்குடியினரின் ஊர் நீருக்குள் போனது. அவர்களுக்கு ஈடு கொடுக்கும் பொறுப்பு அரசனின் அதிகாரி பதுமனிடம் வந்தது.

பதுமன் நல்லவன்தான். மரத்துக்கு, குடிசைக்கு, தினைப்புனத்துக்கு என்று ஒன்றுவிடாமல் மதிப்புப் போட்டான். ஆற்றுவளைவில் அவர்கள் தங்கள் முன்னோருக்கு நட்டிருந்த கற்களைக்கூட வண்டியில் ஏற்றி, சமவெளிக்குக் கொண்டுவந்து, கழுவித் துடைத்து, வரிசையாக நட்டுவைத்தான். மனக்குறை இருக்கக்கூடாது என்று கல்லுக்கு மூன்று பொன்னும் சேர்த்தான். இதைவிட யார் செய்துவிடப் போகிறார்கள் என்று அவனுக்கே தன்மேல் ஒரு மெச்சுதல்.

புது இடத்தில் தினை விளைந்தது. யாரும் சாப்பிடவில்லை. முதல் தினையை முன்னோருக்குப் படைத்த பிறகே மற்றவர் வாயில் வைப்பது அந்தக் குடியின் வழக்கம். முன்னோர்கள் ஆற்றுவளைவிலேயே இருக்கிறார்கள், வண்டியில் வந்தது வெறும் கல் என்று சொல்லிவிட்டார்கள். குவித்த தினையில் வண்டு விழுந்தது. பிள்ளைகள் கிழங்கைத் தோண்டித் தின்று வயிறு ஒட்டிக் கிடந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்த நாளிலிருந்து பதுமனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அளவுக்கு அவன் மனிதன்தான். கல்லுக்கு ஐந்து பொன் என்றான். பிறகு பத்து என்றான். ஊர் மூப்பன் காரி காறித் துப்பினான்.

வேறு வழி தெரியாமல் தன் பழைய ஆசான் சேந்தனாரிடம் ஓடி, நடந்ததையெல்லாம் சொன்னான்.

“எவ்வளவு கொடுத்தால் அவர்கள் சாப்பிடுவார்கள், ஐயா?”

பதுமன் காணிக்கையாக வைத்த பொன்முடிப்பை சேந்தனார் அவன் பக்கமே தள்ளினார்.

“அமாவாசைதோறும் உன் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறாயே, அந்த உரிமையை எனக்குக் கொடுத்துவிடு. இனி நீ விடக்கூடாது. அதற்கு இதை வைத்துக்கொள்.”

பதுமன் பதறிப்போனான். “அப்பா என்னையல்லவா தேடுவார்?”

“போதாதென்றால் இரட்டிப்பாகத் தருகிறேன்.”

“எத்தனை தந்தாலும் முடியாது, ஐயா.”

“முடியாது என்றாலும் விடாமல், நீ இறங்கும் படித்துறையை அடைத்துவிட்டு, பொன்னை உன் மடியில் கட்டிவிட்டால்?”

“நான் விற்கவில்லை என்று அப்பாவிடம் யாராவது சொல்லுங்கள் என்று ஊரெல்லாம் கெஞ்சுவேன்.”



“காரி உன்னிடம் எதுவுமே கேட்கவில்லையா?” என்றார் சேந்தனார்.

கேட்டிருந்தான். முதல் நாளே கேட்டிருந்தான். அதைப் பேரம் என்று நினைத்துத்தான் இவன் பொன்னைக் கூட்டிக்கொண்டே போனான்.

“‘நாங்க வித்துட்டு ஓடிட்டோம்னு எங்க பெரியவங்க நினைச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள கெடக்காங்க. நான்தான் பறிச்சேன்னு உங்க ராசா கரையில வந்து நின்னு சொல்லட்டும். அப்புறம் படைக்கிறோம், சாப்பிடறோம்’ என்றான், ஐயா.”

“பிறகென்ன? போய் அரசனிடம் சொல்.”

பதுமன் பொன்முடிப்பையே பார்த்தபடி, “சொன்னால் என் பதவி போய்விடும், ஐயா” என்றான்.

“பார், உன்னுடையது போகும் என்றதும் மதிப்பு சட்டென்று தெரிந்துவிடுகிறது” என்றார் சேந்தனார்.