மாலை போட்ட லேத்து

ஆணிப்பேட்டைத் தொழிற்பேட்டை ரோட்டுப் பள்ளத்தில் விழுந்த லாரி, அடுத்த மழைக்குத்தான் மிதந்து மேலே வரும். அப்பேர்ப்பட்ட பேட்டையைச் சீரமைக்க வந்த திட்ட அதிகாரி, பட்டறைகளையெல்லாம் இடித்துப் படகுக் குளம் வெட்ட முடிவு செய்தார். கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அமைச்சர் முன்னால் திரையில் படம் ஓடியது.

“பாருங்கள், ஒரு மிஷினும் ஓடவில்லை. செத்துப்போன பேட்டை!” என்றார் அதிகாரி.

பட்டறைகளுக்கு இரும்பு ஏற்றிப் பிழைக்கும் மீன்பாடி வண்டிக்காரன் டெல்லிபாபுவும் கூட்டத்தில் இருந்தான். பட்டறை போனால் வண்டியில் எதை ஏற்றுவது, குளத்து வாத்தையா? எழுந்துவிட்டான்.

“சார், இது ஆயுத பூஜையன்னிக்கு எடுத்த படம். லேத்துக்கு மாலை போட்டிருக்கு பாருங்க. அன்னிக்கு எவன் சார் மிஷினைத் தொடுவான்?”

“செத்ததுக்கும்தான் மாலை போடுவார்கள். உயிரிருந்தால் படத்திலிருக்கிற லேத்தை இங்கேயே ஓட்டிக் காட்டு. திட்டத்தைக் கிழித்துப் போடுகிறேன்!”

டெல்லிபாபு தலையைச் சொறிந்தான்.

“அப்போ படத்துல லேத்துக்குப் பின்னால நிக்கிற உங்க ஜீப்பும் செத்துப்போச்சா சார்? அதுக்கும் மாலை, வாழைக்கன்னு எல்லாம் கட்டியிருக்கே. பழைய இரும்புக்கு நானே ஏத்திக்கிறேன், நீங்க நடந்து போங்க.”

“யோவ், அது நல்லா ஓடுற வண்டிய்யா! பூஜைக்காக நிறுத்தி வெச்சிருந்தது!”

கத்தி முடித்த பிறகுதான் அதிகாரிக்கு உறைத்தது. அமைச்சர் சிரித்த சிரிப்பில் மண்டபத்து ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

“கிழிங்க சார்” என்றார் அமைச்சர்.

திட்ட வரைபடமோ நல்ல கெட்டிக் காகிதம். அதிகாரி இழுத்து இழுத்துப் பார்த்தார், கிழியவில்லை. பாவம் பார்த்து டெல்லிபாபுதான் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தான்.