நாற்பது பெட்டிக்கு ஒரே சொல்

இலுப்பைக் காட்டில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொரு வளை வாசலிலும், ஒவ்வொரு மரப்பொந்தின் மேலும் ஒரு சூரியத் தகடு. தகட்டுக்கு அடியில் விளக்கு வைத்த ஒரு பெட்டி. நாற்பது பெட்டிகளையும் ஒரே கம்பி இணைத்தது. தகடுகளில் ஊறும் மின்சாரம் அந்தக் கம்பி வழியே குளக்கரை மோட்டாருக்குப் போகும். மோட்டார் ஆழ்கிணற்றிலிருந்து நீரிறைத்துக் குளத்தில் கொட்டும்.

கோடையில் அந்தக் குளத்தை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆறு உண்டு. ஆற்றுத் துறையில் செந்நாய்களும் உண்டு.

இந்த ஏற்பாட்டை ஒரு பட்டறைக் கொக்கோடு பேசி முடித்தது சிலும்பன் என்கிற முள்ளம்பன்றி. தாய் தகப்பன் இல்லாமல், அடிபட்டு மிதிபட்டு ஆளானது. பேரத்தில் அதை வெல்ல ஆளில்லை. பேச்சு முற்றினால் முள்ளைச் சிலிர்க்கும். எதிரில் இருப்பவர் தானாக இறங்கி வருவார்.

பெட்டிகளை மாட்டி முடித்த கொக்கு, கிளம்பும் முன் சொன்னது: "ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தனக்கு வைத்த சொல்லை யார் சொன்னாலும் பெட்டி அவர் பேச்சைக் கேட்கும். ஒரு பெட்டியில் சொன்னது கம்பி வழியாக எல்லாப் பெட்டிக்கும் கேட்கும். இப்போது எல்லாவற்றுக்கும் பட்டறையில் வைத்த ஒரே சொல்தான்: 'ஒன்று, இரண்டு, மூன்று.' வீடு வீடாகப் போய் வேறு வேறு சொல் வைக்க வேண்டும். பத்து நாள் ஆகும். பத்து நாளும் எனக்கு நத்தைச் சாப்பாடு போடுங்கள்."

"பத்து நாளா!" சிலும்பனின் முள் சிலிர்த்தது. "ஒரு சொல்லை மாற்றப் பத்து நாள் உட்கார்ந்து தின்பாயா? யார் காதில் பூச்சுற்றுகிறாய்? நாங்களே மாற்றிக்கொள்கிறோம், நடையைக் கட்டு!"

கொக்கு போய்விட்டது. காடே சிலும்பனைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. சொல்லை மட்டும் யாரும் மாற்றவில்லை. "புதுச் சொல் எனக்கு மறந்துபோகும்" என்றது முயல். "எல்லோருக்கும் ஒரே சொல் என்றால்தானே ஒற்றுமை!" என்றது மான்.

தினமும் விடிந்ததும் பெட்டியை எழுப்ப வேண்டும். காடு முழுக்க ஒரே குரல் கிளம்பும்: "ஒன்று, இரண்டு, மூன்று!" அது மலை வரை கேட்டது.

சித்திரையில் ஒருநாள் பெரிய இலுப்பை மரத்திலிருந்து வரிச்சி என்கிற அணில் ஓடிவந்தது.

"அண்ணே! நேற்று உச்சிவெயிலில் எல்லோரும் தூங்கையில் என் பெட்டி தானாக அணைந்து தானாக எரிந்தது! மோட்டாரும் ஒரு நொடி நின்றது! மரத்தடிப் புழுதியில் செந்நாய்க் கால்தடம்!"

"செந்நாய் வெயிலையா தின்னும்?" என்று சிரித்தது சிலும்பன்.

"சிரிக்காதீங்க அண்ணே. எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லை மாற்றச் சொல்லுங்க. நீங்க சொன்னால்தான் கேட்பாங்க."

சிலும்பனுக்குச் சுருக்கென்றது. கொக்கை விரட்டியது தப்பு என்றல்லவா ஆகும்! "உனக்குப் பயமாக இருந்தால் உன் பெட்டியை மாற்றிக்கொள். காட்டைக் கலக்காதே, போ!"

மூன்றாம் நாள் நண்பகல். சிலும்பன் குளக்கரையில் இருந்தது. திடீரென்று காட்டிலுள்ள பெட்டிகளெல்லாம் ஒரே குரலில் பேசின.

"ஒன்று, இரண்டு, மூன்று! அணை!"

மோட்டார் நின்றது.

"ஒன்று, இரண்டு, மூன்று! எரி!"

மோட்டார் உதறிக்கொண்டு எழுந்தது. அணை, எரி, அணை, எரி! மோட்டார் ஓலமிட்டது. கரும்புகை கக்கியது. கருகிச் செத்தது. பெரிய இலுப்பை மரத்தில் ஒரே ஒரு விளக்கு மட்டும் ஆடாமல் எரிந்தது. அதைப் பார்த்தும், அது மட்டும் ஏன் அணையவில்லை என்று சிலும்பன் நினைக்கவில்லை. குரல் வந்த திக்கில் ஓடியது.

அதன் சொந்த வளை வாசலில், அதன் சொந்தப் பெட்டியில் வாயை வைத்தபடி ஒரு செந்நாய் உட்கார்ந்திருந்தது.

"வா மாமா! எனக்கு எண்ணத் தெரியாது. உங்கள் காடுதான் தினமும் கத்திக் கத்திக் கற்றுக்கொடுத்தது!"

"குளம் வற்றினால் உனக்கு என்னடா லாபம்?"

"உங்களைத் துரத்தித் துரத்திக் கால் ஓய்ந்துவிட்டது மாமா. இனி நீங்களே வருவீர்கள். துறையில் இருக்கிறோம்."

சிலும்பன் முள்ளைச் சிலிர்த்தது. பேரம் பேச எதிரில் யாரும் இல்லை. செந்நாய் போய்விட்டது.

மோட்டார் செத்த நான்காம் நாள் குளம் சேறானது. ஆறாம் நாள் வெடித்தது. தாகம் தாங்காதவர்கள் ஒவ்வொருவராக ஆற்றுக்குப் போனார்கள். முயல் போனது. மான் தன் கன்றோடு போனது. குட்டிகளுக்கு வாயில் நீர் கொண்டுவர வரிச்சி போனது. அவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

சிலும்பன் சொல்லியனுப்பி, பத்தாம் நாள் கொக்கு புது மோட்டாரோடு வந்தது. சிலும்பன் தலையைக் குனிந்தபடி, "பத்து நாள் இருந்து சொல்லையும் மாற்றிக் கொடு. நத்தை தருகிறேன்" என்றது.

கொக்கு வெடித்த குளத்தைப் பார்த்தது. "நத்தை எங்கே இருக்கிறது?"



இரண்டும் வீடு வீடாகப் போயின. பதினொரு வீடுகளில் புதுச் சொல் வைக்க ஆளில்லை. கடைசியில் வரிச்சி குடியிருந்த பெரிய இலுப்பை மரம். சிலும்பன் பெட்டியிடம் சொன்னது: "ஒன்று, இரண்டு, மூன்று."

"தவறு" என்றது பெட்டி.

மறுபடியும் சொன்னது.

"தவறு."

"இந்த வீட்டில் முன்பே மாற்றிவிட்டார்கள்" என்றது கொக்கு. "இந்தப் பெட்டி செந்நாய்க்கு மசிந்திருக்காது. தனி ஒரு பெட்டி மோட்டாரைக் காப்பாற்றவும் முடியாது."

புதுச் சொல் என்னவென்று கேட்க வரிச்சி இல்லை. பொந்துக்குள் குட்டிகளின் சத்தமும் இல்லை.

ஒரே கம்பியில் கூடி வாழ்கிறவர்கள் காவலில் பேரம் பேசினால், குறைவது அடுத்தவர் உயிர்.